பெண்மக்களின் பாகம்



நாமெல்லாம் வியாபாரிகள். மாலையில் கடை கட்டும்போது கல்லாவை எண்ணுகிறோம். மாதக் கடைசியில் பற்று வரவு பார்க்கிறோம். வருஷக் கடைசியில் ஐந்தொகை எடுக்கிறோம். அரிசி மண்டிக்காரருக்கு எவ்வளவு, மசாலா சரக்குக்காரருக்கு எவ்வளவு, கைமாற்றாக வாங்கியது எவ்வளவு என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லிவிடுவோம். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காதவன் என்ற பெயர் வந்துவிட்டால் சூலியா வீதியில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்பது நமக்குத் தெரியும்.

ஆனால் நம்மில் பலருடைய பேரேட்டில் ஏறாத கடன்காரர்கள் சிலர் உண்டு. அவர்கள் கடை வாசலில் வந்து நிற்பதில்லை. சத்தம் போட்டுக் கேட்பதுமில்லை. அவர்கள் நம் தாய், நம் மனைவி, நம் சகோதரி, நம் மகள். மாதர் உரிமை பற்றி உலகமெங்கும் பேசுகிறார்கள், சட்டம் போடுகிறார்கள். நாமோ அது நமக்கு வேண்டாத பேச்சு, நம் மார்க்கம் முன்பே எல்லாம் கொடுத்துவிட்டது என்று சொல்லி எழுந்து போகிறோம். மார்க்கம் கொடுத்தது மெய்தான். அதை நாம் கொடுத்தோமா என்பதே இந்தப் பாடத்தின் கேள்வி.

உஹதுக்குப் பின் வந்த வழக்கு

ஹிஜ்ரி 3, அதாவது கி.பி. 625ஆம் வருஷத்தில் உஹது யுத்தம் நடந்தது. அதில் ஷஹீதானவர்களில் ஸஅது இப்னு ரபீஃ (ரலி) என்ற மதீனத்து அன்சாரி ஒருவர். அவருக்கு மனைவியும் இரண்டு பெண்மக்களும் இருந்தனர், ஆண்பிள்ளை இல்லை. அந்தக் காலத்து அரபிகளின் வழக்கம் யாதெனில், வாளெடுத்துச் சண்டை செய்பவனுக்கே சொத்து. பெண்ணுக்கும் சிறு குழந்தைக்கும் ஒன்றுமில்லை. அந்த வழக்கப்படி ஸஅதுடைய சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக் கொண்டார்.

அந்த விதவைத்தாய் சும்மா இருக்கவில்லை. தம் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் நேராகப் போனார். இவர்களுடைய தகப்பனார் தங்களோடு நின்று உயிர் கொடுத்தார், சிறிய தகப்பனாரோ எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார், கையில் பொருளில்லாத பெண்களுக்கு நிக்காஹ் எப்படி நடக்கும் என்று முறையிட்டார். அல்லாஹ் இதில் தீர்ப்புச் சொல்வான் என்று நபியவர்கள் பதில் கூறினார்கள். அதன்பின் அந்நிஸா அத்தியாயத்தின் வாரிசு வசனம் இறங்கிற்று. நபியவர்கள் அந்தச் சகோதரரை வரவழைத்து, இரண்டு பெண்களுக்கும் மூன்றில் இரண்டு பங்கும், தாயாருக்கு எட்டில் ஒரு பங்கும் கொடுத்துவிட்டு, மீதியை நீர் எடுத்துக்கொள்ளும் என்று உத்தரவிட்டார்கள்.

இதைக் கடைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். சொத்தை 24 பாகமாக்கினால் பெண்கள் இருவருக்கும் 16, தாயாருக்கு 3, சகோதரருக்கு 5. முதல்நாள் 24 பாகத்தையும் வைத்திருந்தவர் கையில் மறுநாள் மிஞ்சியது ஐந்துதான்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பெண் தானே சென்று தன் ஹக்கைக் கேட்டாள். அது வெட்கங்கெட்ட செயல் என்று அவளை யாரும் விரட்டவில்லை. இரண்டு, தீர்ப்பு புத்தி சொல்வதோடு நிற்கவில்லை. எடுத்தவர் கையிலிருந்து பொருள் வாங்கப்பட்டு, உரியவர் கையில் சேர்ந்தது.

அடுத்த வீடுகளில் எப்படி?

நிற்க. மற்றச் சமூகங்களில் இந்த விஷயம் எப்படி நடந்தது என்று சற்றுப் பார்ப்போம்.

நம் முன்னோரை இங்கே ஆண்ட இங்கிலாந்தில், கலியாணமான பெண்ணின் கைப்பொருள் கணவனுடையதாகிவிடும் என்பதே நெடுங்காலச் சட்டம். அவள் உழைத்த கூலி அவளுக்கே என்று 1870ஆம் வருஷச் சட்டமும், அவளுடைய சொத்து முழுவதும் அவளுக்கே என்று 1882ஆம் வருஷச் சட்டமும் வந்த பிறகுதான் அந்த நிலை மாறிற்று.

தமிழ்நாட்டில் 1929ஆம் வருஷம் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் ஆணைப்போல் சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் போட்டது. இந்து வாரிசுச் சட்டம் 1956இல் வந்தது. ஆனாலும் பரம்பரைக் குடும்பச் சொத்தில் பிறப்பாலேயே மகனுக்கு இருந்த பாத்தியதை மகளுக்கு இல்லை. அதைத் தமிழ்நாடு 1989இலும், இந்தியா முழுவதற்குமாக மத்திய சர்க்கார் 2005இலும் கொடுத்தன.

கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களுக்குத் திருவாங்கூரில் 1916ஆம் வருஷச் சட்டம் ஒன்று இருந்தது. அதன்படி மகனுடைய பங்கில் கால் பாகம் அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே மகளுக்கு. மேரி ராய் என்ற அம்மையார் கோர்ட்டுக்குப் போய் வழக்காடி, 1986இல் இந்திய சுப்ரீம் கோர்ட்டில் அதை மாற்றினார். யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் பெண்ணுக்குச் சீதனம் அவள் சொந்தச் சொத்து. ஆயினும் கலியாணமானவள் தன் காணியை விற்கக் கணவனுடைய சம்மதம் வேண்டும் என்பது நெடுங்கால விதி.

நம் மலேசியாவிலேயே நெகிரி செம்பிலானில் மலாய் முஸ்லிம்களின் பெர்பாத்தே வழக்கப்படி மூதாதையர் நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. 1909ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று அதைக் காப்பாற்றி வைத்தது. நமக்குப் பக்கத்துக் கடைச் சீனருக்கும், இந்துக்களுக்கும் இருப்பது 1958ஆம் வருஷப் பங்கீட்டுச் சட்டம். அதில் பிள்ளைகளுக்குள் ஆண், பெண் என்ற பேதம் கிடையாது.

இவற்றையெல்லாம் பார்த்து, எங்களுக்கு ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது என்று மார் தட்டிக் கொள்ள நமக்கு ஆசைதான். ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. மற்றவர்கள் சட்டமில்லாமல் பெண்ணுக்கு மறுத்தார்கள். நாமோ சட்டத்தை ஓதிக்கொண்டே மறுக்கிறோம். இவ்விரண்டில் எது பெரிய குற்றம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

பாதிப் பங்கு ஏன்?

மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்பதைப் பற்றி நம் பிள்ளைகளே கேட்கிறார்கள். கேட்பவரைக் கோபித்துப் பயனில்லை. பதில் சொல்ல வேண்டும்.

முதலாவது, பெண்ணுக்கு எப்போதும் பாதிதான் என்பது சரியல்ல. இறந்தவருக்கு மகன் இருந்தால் அவருடைய தாய்க்கும் ஆறில் ஒன்று, தகப்பனுக்கும் ஆறில் ஒன்று. இங்கே இருவரும் சமம். தாய்வழியில் மட்டும் உடன்பிறந்த சகோதர சகோதரிகளுக்கும் சமபாகமே.

இரண்டாவது, ஆணுக்கு இரட்டைப் பங்கு வரும்போது அதோடு சுமையும் வருகிறது. அவன் மஹர் கொடுக்க வேண்டும். மனைவி மக்களுக்குச் சோறும் துணியும் வீடும் கொடுக்க வேண்டும். ஆதரவற்ற தாயையும் சகோதரியையும் தாங்க வேண்டும். பெண்ணின் பங்கோ அவள் கைப்பணம். அதில் ஒரு காசைக்கூட குடும்பச் செலவுக்குக் கேட்க யாருக்கும் உரிமையில்லை.

நம் பினாங்கின் பழங்கதை ஒன்று இங்கே பொருந்தும். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில், மரண சாசனம் எழுதாமல் இறந்த முஸ்லிமின் சொத்தும் ஒரு காலத்தில் இங்கிலீஷ் சட்டப்படியே பிரிக்கப்பட்டது. அதன்படி பிள்ளைகள் உள்ளவரின் விதவைக்கு மூன்றில் ஒன்று, மீதி ஆண்மக்களுக்கும் பெண்மக்களுக்கும் சமம். 1923இல் சட்டம் திருத்தப்பட்டு, 1924 முதல் இஸ்லாமியச் சட்டப்படி பங்கிடலாயிற்று. மகளுக்குச் சமமாக இருந்தது ஒன்றுக்கு இரண்டாயிற்று. விதவையின் மூன்றில் ஒன்று எட்டில் ஒன்றாயிற்று. அதிகப்பட்டதை ஆண்மக்கள் வாங்கிக்கொண்டது, சுமையையும் சேர்த்து ஏற்கிறோம் என்ற பேச்சின் மேல்தான்.

ஆகவே சகோதரர்களே, இரட்டைப் பங்கை எடுத்துக்கொண்டு சகோதரியின் சுமையைத் தள்ளிவிடுகிறவன், சரக்கை வாங்கிக்கொண்டு பில்லுக்குப் பணம் கட்டாதவனைப் போன்றவன். ஒற்றைப் பங்கையும் கொடுக்காமல் முழுவதையும் எடுக்கிறவனை என்ன பெயர் சொல்லி அழைப்பது?

நம் வீட்டுக் கணக்கு

ஊரார் கதையைச் சொல்லிவிட்டு நம் கதையை மறைப்பது நேர்மையல்ல. இதை எழுதும் நாமே அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருந்தோம்.

நம் வாப்பா இராமநாதபுரம் கடற்கரைப் பக்கமிருந்து பிழைக்க வந்த சபுராளி. பினாங்கில் சில்லறைக் கடை வைத்து நடத்தினார்கள். அவர்கள் மவுத்தானபோது கடைச் சரக்கு, கைமுதல், ஊரிலுள்ள வீடு ஆகியவை சேர்ந்து கடன் போக 80,000 வெள்ளி பெறும். வாரிசுகள் நம் உம்மா, நாம், நம் தம்பி, நம் தங்கை. நாற்பதாம் நாள் கத்தம் ஓதிச் சாப்பாடு போட்டோம். ஊர் முழுக்க வந்து சாப்பிட்டது. அன்று சாயங்காலமே தங்கையிடம் ஒரு விடுதலைப் பத்திரத்தை நீட்டினோம். உம்மாவும் அதில் கைநாட்டு வைத்தார்கள். தங்கை வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க பார்த்துச் செஞ்சா சரிதான் காக்கா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு எவ்வளவு சேரும் என்று நாம் சொல்லவில்லை. உண்மையில் நமக்கே தெரியாது, தெரிந்துகொள்ள விரும்பவுமில்லை. கலியாணத்தில் நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று, இனி என்ன பாக்கி என்பதே நம் எண்ணம்.

பதினோரு வருஷம் ஓடிற்று. இடையில் உம்மாவும் மவுத்தாகிவிட்டார்கள். ஒருநாள் தங்கையிடமிருந்து கடிதம் வந்தது. மச்சானுக்கு உடம்பு முடியவில்லை, ஆஸ்பத்திரிச் செலவு தாங்கவில்லை, கடனாக ஏதாவது அனுப்ப முடியுமா, மகன் தலையெடுத்ததும் சிறுகச் சிறுகத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாள்.

கடிதத்தைக் கல்லாவில் வைத்துவிட்டு உட்கார்ந்தோம். அன்று நம் கடைக்கு வந்த ஒரு மௌலவி சாகிப், முகவாட்டத்தைக் கண்டு விசாரித்தார். விஷயத்தைச் சொன்னோம். அவர் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் பராயிள் கணக்குப் போட்டுக் காட்டினார்.

மொத்தம் 80,000 வெள்ளி. பிள்ளைகள் இருப்பதால் உம்மாவுக்கு எட்டில் ஒன்று, 10,000. மீதி 70,000 வெள்ளியை ஐந்தாக்கினால் ஆண்மக்களுக்கு இரண்டிரண்டு பாகம், ஆளுக்கு 28,000. தங்கைக்கு ஒரு பாகம், 14,000. பிறகு உம்மா மவுத்தானதால் அவர்களுடைய 10,000 வெள்ளியும் அதே முறையில் பிரியும். நமக்கும் தம்பிக்கும் ஆளுக்கு 4,000, தங்கைக்கு 2,000. ஆகத் தங்கைக்குச் சேர வேண்டியது 16,000 வெள்ளி.

நாமும் தம்பியும் ஆளுக்கு 40,000 எடுத்திருந்தோம். எடுக்க வேண்டியதோ 32,000. ஆகவே நாம் எட்டாயிரம், தம்பி எட்டாயிரம் அவளுக்குப் பாக்கி. அவள் கடனாகக் கேட்டது அவளுடைய சொந்தப் பணத்தைத்தான்.

அவள்தான் கையெழுத்துப் போட்டுவிட்டாளே என்று மெல்லச் சொன்னோம். மௌலவி சாகிப் சிரித்தார். "நீங்க சரக்கு வாங்கினா எடை பார்க்காம, விலை கேக்காம வாங்குவீங்களா பாய்?" என்று கேட்டார். வாரிசு தன் பங்கை மனமுவந்து விட்டுக்கொடுக்க மார்க்கத்தில் இடமுண்டு. ஆனால் தன் பங்கு எவ்வளவென்று அறியாமல், அண்ணன் தம்பி உறவு அறுந்துவிடுமோ என்ற பயத்தில், நாலு பேர் முன்னிலையில் வெட்கத்தில் போட்ட கையெழுத்து மனமுவந்ததாகுமா? பொருளை முதலில் அவள் கையில் கொடு. அதன்பின் அவள் திருப்பிக் கொடுத்தால் அதற்குப் பெயர் விட்டுக்கொடுத்தல் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

நம் பாகம் எட்டாயிரத்தை மூன்று தவணையில் அனுப்பி முடித்தோம். முதல் தவணையோடு, இது கடனல்ல, உன் பணம் என்று எழுதி, கணக்கையும் எழுதி அனுப்பினோம். அவளிடமிருந்து நெடுநாள் பதில் இல்லை. பிறகு வந்த கடிதத்தில் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை; வாப்பாவை நினைத்து அழுததாக மட்டும் எழுதியிருந்தாள். தம்பி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பதினோரு வருஷம் அவளுடைய முதலை நம் கடையில் ஓடவிட்டு எடுத்த இலாபத்துக்கு என்ன கணக்கு என்பதும் நம் நெஞ்சில் இருக்கிறது. அதை ஆலிம்களிடம் கேட்டு முடிக்க நிய்யத்து வைத்திருக்கிறோம்.

மஹரும் கைக்கூலியும்

கலியாணத்தில் நகை போட்டோம், அதோடு தீர்ந்தது என்ற நம் எண்ணம் எங்கிருந்து வந்தது? இதையும் சிறிது ஆராய வேண்டும்.

மார்க்கத்தில் கொடுக்கக் கடமைப்பட்டவன் மாப்பிள்ளை. மஹர் பெண்ணின் சொத்து. அவளுடைய தகப்பனுக்குக்கூட அதில் பாகமில்லை. நாமோ நிக்காஹ் புத்தகத்தில் ஒரு சிறு தொகையை மஹராக எழுதிவிட்டு, மறுபுறம் பெண் வீட்டாரிடம் கைக்கூலி என்று பெருந்தொகை வாங்குகிறோம். இந்திய சர்க்கார் 1961இல் வரதட்சணைத் தடுப்புச் சட்டம் போட்டது. சட்டம் இருக்கிறது, கைக்கூலியும் இருக்கிறது. இதன் விளைவு யாதெனில், தகப்பன் மகளைக் கரையேற்றுவதற்குள் கைமுதலை இழக்கிறான். அவன் மவுத்தான பின் சகோதரர்கள், அவளுக்குத்தான் கொடுத்தாயிற்றே என்கிறார்கள். கொடுத்தது மாப்பிள்ளை வீட்டாருக்கு. கழித்துக்கொள்வது பெண்ணின் கணக்கில்! இப்படி ஒரு பற்றை எந்தக் கணக்குப்பிள்ளையும் ஒப்புவாரா?

காயல்பட்டணத்திலும் கீழக்கரையிலும் மகளுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அங்கே வரவழைக்கும் வழக்கம் உண்டு. இலங்கையில் காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கத்திலும் அப்படியே. பெண்ணுக்குத் தன் தலைக்குமேல் சொந்தக் கூரை இருக்கிறது. கோபம் வந்தால் போ வெளியே என்று கணவன் சொல்ல முடியாது. இந்த மட்டில் அது நல்லது. ஆனால் அதுவும் மாப்பிள்ளை வீட்டார் விலைபேசிக் கேட்கும் பொருளாகிவிட்டால் கைக்கூலியேதான். மேலும், உயிரோடிருக்கும்போது மகளுக்குக் கொடுத்தது அன்பளிப்பு. மவுத்துக்குப்பின் வருவது பாகம். முன்னதைக் காட்டிப் பின்னதை நிறுத்த முடியாது.

நாம் செய்ய வேண்டியவை

இனி, படித்ததைக் கைக்கொள்ளும் வழியைப் பார்ப்போம்.

1. மனைவிக்குக் கொடுக்காத மஹர் பாக்கி இருந்தால் அதை இன்றே பேரேட்டில் கடன் என்று எழுதுங்கள். கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. ஒருவர் மவுத்தானால் கபன் தபன் செலவுக்குப் பிறகு கடன்களே முதலில் தீர வேண்டும், மஹரும் கடனே. அதன்பின் மூன்றில் ஒன்றுக்கு மேற்படாத வஸிய்யத்து. அதற்கும் பின்புதான் வாரிசுகளின் பாகம்.

2. பினாங்கில் உள்ளது எது, ஊரில் உள்ளது எது, கூட்டு வியாபாரத்தில் நம் பங்கு எது என்று தெளிவாக எழுதி வையுங்கள். ஊரிலிருக்கும் மனைவிக்கும் மகளுக்கும் அதில் ஒரு நகல் போகட்டும். கடல் கடந்த கணக்கு அவர்கள் கண்ணுக்கு எட்டாது. எட்டாததை அவர்கள் கேட்கவும் முடியாது.

3. விவசாய நிலத்தில் பெண்ணுக்குப் பங்கில்லை என்று ஊரில் சிலர் சொல்வார்கள். இந்தியாவில் 1937இல் வந்த ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது மெய். ஆனால் சென்னை ராஜ்யத்தில் 1949இல் அதைத் திருத்தி நிலத்தையும் சேர்த்துவிட்டார்கள். தமிழ்நாட்டு நன்செய் புன்செய்யிலும் முஸ்லிம் பெண்ணுக்குப் பங்குண்டு.

4. விடியற்காலையில் எழுந்து மசாலா அரைத்தும், கடைக்குச் சோறாக்கியும், கல்லாவில் உட்கார்ந்தும் கணவனோடு உழைத்த மனைவியை மறக்க வேண்டாம். பினாங்கின் 2004ஆம் வருஷ இஸ்லாமியக் குடும்பச் சட்டம், தம்பதிகள் சேர்ந்து தேடிய சொத்தில் அவளுக்குள்ள உரிமையை ஒப்புக்கொள்கிறது. மலாயில் இதற்கு ஹர்த்தா செபெஞ்சாரியான் என்று பெயர். கணவன் மவுத்தானாலும், பாகம் பிரிக்குமுன் அவள் ஷரீஅத் கோர்ட்டில் இதைக் கேட்கலாம். எட்டில் ஒன்று இதற்கு மேற்பட்டது.

5. மரண வீட்டில் எந்தப் பெண்ணிடமும் கையெழுத்து வாங்காதீர்கள். நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்கு ஊரை அழைப்பது போல, பாகக் கணக்கு வாசிக்க வாரிசுகளை அழையுங்கள். ஓர் ஆலிம் கணக்குப் போடட்டும். பெண்கள் திரைக்குப் பின்னாவது இருந்து தம் பாகத்தைக் காதால் கேட்கட்டும்.

6. பெண்மக்களுக்கு மதரஸாவில் பராயிள் கணக்கைக் கற்றுக்கொடுங்கள். ஆறில் ஒன்று, எட்டில் ஒன்று என்பது பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்குதான். தன் பங்கைத் தானே போட்டுப் பார்க்கத் தெரிந்த பெண்ணிடம் யாரும் வெற்றுப் பத்திரத்தை நீட்ட மாட்டார்கள்.

சகோதரர்களே! ஸஅதுடைய மனைவி நடந்துபோய்க் கேட்டார். கேட்கப் போக இடமிருந்தது. நம் தங்கை கேட்கவில்லை. நாமும் கேட்க விடவில்லை. மண்டிக்காரர் தம் பாக்கியை இங்கேயே வந்து வாங்கிவிடுவார். வாய் திறவாத கடன்காரி எந்த நாளில் எந்தச் சன்னிதானத்தில் கேட்பாள் என்பதை ஈமானுள்ளவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. இன்றிரவு கடை கட்டிக் கல்லாவை எண்ணும்போது அந்தப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தொகை தெரியாவிட்டால் பாதகமில்லை. முதலில் பெயர் ஏறட்டும்.